மழையை விடுங்கள், மதகைப் பேசுங்கள்

பெரும்போகம் தொடங்குமுன் கந்தளாயில் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். குளத்து மதகை எந்தத் தேதியில் திறப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுவது, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, வாய்க்கால் துப்புரவை எப்போது முடிப்பது, மாடுகளை எந்த நாளுக்குள் வயல்வெளியை விட்டு வெளியேற்றுவது எல்லாம் அங்கேதான் முடிவாகும். அதிகாரிகள் மேசைக்குப் பின்னால் இருப்பார்கள், கமக்காரர்கள் எதிரே இருப்பார்கள். தலைமடைக்காரருக்கு ஒரு தேதி தோதாக இருக்கும், கடைமடைக்காரருக்கு இன்னொன்று.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு கூட்டத்தில் பின்வரிசையில் இருந்தேன். அரைமணி நேரமாகப் பேச்சு மழையைச் சுற்றியே போனது. பிந்தும் என்றார் ஒருவர், முந்தும் என்றார் இன்னொருவர். தண்ணீர் முறையைப் பார்க்கும் வயதான வட்டவிதானை ஒருவர் எழுந்தார். "மழை நம்மட கையில இல்ல. மதகு நம்மட கையில இருக்கு. அதைப் பேசுவம்" என்றார். அதற்குப் பிறகு இருபது நிமிடத்தில் தேதி முடிவானது.

அரிஸ்டாட்டில் தமது நிக்கோமாக்கிய ஒழுக்கவியலின் மூன்றாம் பகுதியில் இதையேதான் சொல்கிறார். மனிதர் எதைப் பற்றி ஆலோசிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, எதைப் பற்றி ஆலோசிப்பதில்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருகிறார். மாறாத கணித உண்மைகளைப் பற்றி ஆலோசிப்பதில்லை. வறட்சியையும் மழையையும் பற்றி ஆலோசிப்பதில்லை. இந்த உதாரணம் அவர் கொடுத்ததே. புதையல் கிடைப்பது போன்ற தற்செயல்களும் கழிந்துபோகின்றன. நம்மால் செய்யக்கூடியதாகவும், எப்படி முடியும் என்று முன்கூட்டித் தெரியாததாகவும் இருப்பதுதான் கடைசியில் மிஞ்சுகிறது. அதுதான் ஆலோசனைக்கு உரியது.

முதல் தடவையாகப் பொறுப்புக்கு வந்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நேற்றுவரை கணக்கெழுதி இன்று மேற்பார்வையாளர் ஆனவர், பிரதேச செயலகத்துக்குப் புதிதாக வந்த உத்தியோகத்தர், திருகோணமலைத் துறைமுகப் பக்கத்துக் கம்பனி ஒன்றில் ஐந்து பேரைக் கையில் எடுத்தவர். முடிவெடுக்கச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு நமக்கு எங்கும் கிடைத்ததில்லை. கிரேக்கர்களிடம் போவதற்குக் காரணம், ஏதென்ஸில் அது குடிமக்களின் அன்றாட வேலையாக இருந்தது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அவர்கள் பிநிக்ஸ் குன்றில் கூடி, கையை உயர்த்திப் போரையும் வரியையும் தீர்மானித்தார்கள். கூட்டத்தில் எதைப் பேசுவது என்று முன்கூட்டியே தயார்செய்தது 500 பேர் கொண்ட பூலே என்ற அவை. அந்த 500 பேரும் குலுக்கலில் வந்தவர்கள், வருடத்துக்கு வருடம் மாறியவர்கள். அவர்கள் பெரிய பிழைகள் விட்டார்கள். அந்தப் பிழைகளை அவர்களுடைய எழுத்தாளர்களே மறைக்காமல் எழுதி வைத்தார்கள். நாம் படிக்கவேண்டியது அந்தப் பகுதியைத்தான்.

முதலில் ஒரு சின்னப் பயிற்சி. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது தாளின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். ஒரு பக்கம் மழை, மறுபக்கம் மதகு. டொலர் விலை, தலைமையகத்தின் கொள்கை, மேலதிகாரியின் இடமாற்றம், பக்கத்துக் கடைக்காரர் போடும் விலைக்கழிவு எல்லாம் மழை. எந்தச் சரக்கை எவ்வளவு எடுப்பது, யாரை எந்த வேலையில் போடுவது, எந்த வாடிக்கையாளரின் வேலையை முதலில் முடிப்பது எல்லாம் மதகு. மழையைக் கணக்கில் எடுக்கவேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. "மழை பிந்தினால் என்ன செய்வோம்" என்று கேட்டால் அது மதகுப் பேச்சுத்தான். "ஏன்தான் மழை பிந்துகிறதோ" என்பது நேரப் போக்கு. கூட்டம் முடிந்ததும் தாளைப் பாருங்கள், எந்தப் பக்கத்துக்கு எத்தனை நிமிடம் போனது என்று.

மெல்ல ஆலோசி, விரைந்து செய்

ஆலோசிப்பதை ஆறுதலாகச் செய்யவேண்டும், முடிவெடுத்ததை உடனே செய்துவிடவேண்டும் என்று அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் சொல்வது வழக்கம் என அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார். நமது அலுவலகங்களில் பெரும்பாலும் இதன் தலைகீழ் நடக்கிறது. ஒரு நிமிடத்தில் முடிவெடுக்கிறோம். பிறகு கோவை ஆறு மாதம் மேசைக்கு மேசை அலைகிறது.

கி.மு. 427இல் ஏதென்ஸ் இந்தப் பாடத்தைக் கற்ற விதம் பயங்கரமானது. லெஸ்பொஸ் தீவின் மித்திலீன் நகரம் ஏதென்ஸுக்கு எதிராகக் கிளம்பித் தோற்றுப்போனது. கோபத்தில் கொதித்த மக்கள் சபை, அந்த நகரத்து வயதுவந்த ஆண்கள் எல்லாரையும் கொல்வது, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்குவது என்று தீர்மானித்தது. அங்கிருந்த தளபதி பாக்கேசுக்குக் கட்டளையோடு ஒரு போர்க்கப்பல் அன்றே புறப்பட்டது. மறுநாள் விடிந்தபோது மனம் கலங்கியது. குற்றம் செய்தவர் செய்யாதவர் என்று பாராமல் ஒரு ஊரையே அழிப்பதா? சபை மறுபடி கூடியது.

நேற்றைய தீர்மானத்தை மாற்றவே கூடாது என்று வாதாடினார் கிளியோன். எடுத்த முடிவை மாற்றுகிற நகரம் பலவீனமானது என்பது அவர் கட்சி. தியோதோத்தசு எதிர்த்து நின்றார். நல்ல ஆலோசனைக்கு அவசரமும் கோபமும்தான் முதல் எதிரிகள் என்றார். அவருடைய வாதத்தின் அமைப்பைக் கவனியுங்கள். இரக்கம் காட்டுங்கள் என்று அவர் கேட்கவில்லை. இது நீதிமன்றம் இல்லை, நாளைக்கு நமக்கு எது நல்லது என்று பார்க்கும் இடம் என்றார். சரணடைந்தாலும் சாவுதான் என்று தெரிந்தால் இனி எந்த நகரம் சரணடையும் என்று கேட்டார். கைகளை எண்ணிப் பார்த்தபோது மிகக் குறைந்த வித்தியாசத்தில் தியோதோத்தசு பக்கம் வென்றது.

முதல் கப்பல் புறப்பட்டு ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் ஆகியிருந்தது. அந்தக் கட்டளையை நிறுத்த அனுப்பிய இரண்டாம் கப்பலின் துடுப்புக்காரர்கள் துடுப்பை விடாமலே சாப்பிட்டார்கள், முறைவைத்துத் தூங்கினார்கள். எதிர்க்காற்று அடிக்கவில்லை. முதல் கப்பல் தன் கொடிய வேலைக்கு அவசரப்படாமல் போயிருந்தது. பாக்கேசு கட்டளையை வாசித்து நிறைவேற்ற ஆயத்தமான வேளையில் இரண்டாவது கப்பல் வந்து சேர்ந்தது. அப்போதும் கிளர்ச்சிக்குக் காரணமானவர்கள் என்று ஆயிரத்துக்கும் அதிகமானோரைக் கொன்றார்கள் என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் துசிடிடீசு. ஊர் பிழைத்தது.

எனக்கும் ஒரு முதல் கப்பல் உண்டு. நெல் ஆலை ஒன்றில் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்த முதல் வருடம். இருப்பில் நாற்பது மூட்டை குறைந்தது. களஞ்சியக்காரர் மேல் எனக்கு ஏற்கெனவே மனத்தாங்கல். அன்று பின்னேரமே எச்சரிக்கைக் கடிதம் எழுதி ஒப்பமும் வைத்துவிட்டேன். ஆலையின் பழைய கணக்காளர் நானா அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் தன் லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். "கடிதம் நாளைக்கும் போகும் தம்பி. முதல்ல மூட்டையை எண்ணிப் பாருங்க" என்றார். காலையில் எண்ணினோம். லொறிப் புத்தகத்தையும் பார்த்தோம். நாற்பது மூட்டையும் குறைவு தெரிந்ததற்கு முதல்நாள் இரவு ஏற்றிப்போன சரக்கு, பதிவு மறுநாள் தேதியில் விழுந்திருந்தது. அந்தக் கடிதம் போயிருந்தால் ஒரு குடும்பஸ்தரின் பெயர் கெட்டிருக்கும். நான் மன்னிப்புக் கேட்டாலும் அந்தக் கறை போயிராது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன், உங்களுக்கும் அதையே சொல்வேன். ஒருவருடைய பிழைப்பைத் தொடும் எந்தக் கடிதமும் ஓர் இரவு லாச்சிக்குள் கிடக்கவேண்டும். ஓர் இரவு போதும். ஒரு வாரம் கிடந்தால் அது ஆலோசனை இல்லை, பயம். முடிவை மாற்றவேண்டும் என்று தெரிந்துவிட்டால் வெட்கப்படாமல் இரண்டாவது கப்பலை அனுப்புங்கள், முதல் கப்பலைவிட வேகமாக அனுப்புங்கள்.

கை தூக்காதவர் என்ன நினைக்கிறார்?

கி.மு. 415இல் சிசிலிக்குப் படை அனுப்புவதா என்று ஏதென்ஸ் பேசியது. அனுபவசாலியான நிக்கியாசு வேண்டாம் என்றார். கேட்கமாட்டார்கள் என்று தெரிந்ததும், அதற்கு எவ்வளவு பெரிய படை வேண்டும் தெரியுமா என்று கணக்கைப் பெருப்பித்துச் சொன்னார், பயந்து கைவிடுவார்கள் என்று நம்பி. கூட்டமோ இன்னும் உற்சாகமாகி அவர் கேட்டதற்கும் சம்மதித்தது. அந்த ஆரவாரத்துக்குள் உடன்படாதவர்கள் சிலர் இருந்தார்கள். எதிர்த்துக் கையுயர்த்தினால் நாட்டுக்கு வேண்டாதவர் என்று பெயர் வருமே என்று பேசாமல் இருந்துவிட்டார்கள் என்கிறார் துசிடிடீசு. கி.மு. 413இல் அந்தப் படை முழுவதும் அழிந்தது.

"எல்லாருக்கும் சரிதானே?" என்று கேட்டுவிட்டு ஒரு நொடியில் கோவையை மூடும் முகாமையாளரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாளைக்கு நீங்களும் அப்படி ஆகலாம். பேச்சுத் தொடங்குமுன் எல்லாருக்கும் ஒரு துண்டுத்தாள் கொடுத்து, தனது கருத்தையும் தனக்குள்ள பெரிய பயத்தையும் இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். பிறகு வாசியுங்கள். முதல் தடவை நீங்களே திகைத்துப் போவீர்கள். உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். பெரியவர் வாய் திறந்தபிறகு நமது ஊர்களில் இளையவர் மாறிச் சொல்வது அபூர்வம்.

யாரைக் கேட்பது என்பதற்கும் அரிஸ்டாட்டிலிடம் ஒரு தெளிவான பதில் உண்டு. அரசியல் என்ற நூலில் சொல்கிறார்: வீட்டைப் பற்றிக் கட்டியவரைவிடக் குடியிருப்பவருக்கு நன்றாகத் தெரியும், சுக்கானைப் பற்றித் தச்சரைவிட மாலுமிக்குத் தெரியும், விருந்தைப் பற்றிச் சமைத்தவரைவிடச் சாப்பிட்டவருக்குத் தெரியும். இது கந்தளாய்க்காரருக்குப் புதிதாக இராது. மதகை வடிவமைத்தவர் பொறியியலாளர். தண்ணீர் தன் வரம்புக்கு வந்துசேர எத்தனை மணி நேரம் எடுக்கும் என்பதைக் கடைமடைக்காரர் சொல்லவேண்டும். இருவரும் வேண்டும். புதிய படிவம் ஒன்றைப் புகுத்தப்போகிறீர்களா? அதை நாள் முழுக்க நிரப்பப்போகும் எழுதுவினைஞரை ஒரு மணி நேரம் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள்.

பேசிக் கூடி முடிவெடுப்பது நமக்கு இரவல் வந்த பழக்கம் என்று யாராவது நினைத்தால் அது தவறு. 11ஆம் நூற்றாண்டுச் சோழர் ஆட்சியில் கந்தளாய் ஒரு சதுர்வேதிமங்கலம். இங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, ஊரின் பெருங்குறிப் பெருமக்கள் என்ற சபையைப் பற்றிப் பேசுகிறது. பொலன்னறுவையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ ஆள்கிறவர்கள் இருக்க, தன் காரியத்தைத் தானே கூடிப் பேசிய ஊர் இது. அந்த வகைச் சபை எப்படி நடந்தது என்பதை விரிவாகச் சொல்வது தமிழ்நாட்டின் உத்திரமேரூரில் உள்ள 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், முதலாம் பராந்தகன் காலத்தவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் இருந்தது. ஏதென்ஸின் குலுக்கலுக்கும் இதற்கும் தொடர்பு ஒன்றும் தெரியவில்லை. ஒரே கவலைக்கு இரண்டு ஊர்கள் ஒரே மாதிரி மருந்து கண்டுபிடித்திருக்கின்றன. செல்வாக்குள்ளவர் கையில் பொறுப்பு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதே அந்தக் கவலை.

இரண்டு இடத்திலும் ஒரு பெரிய குறையும் இருந்தது. ஏதென்ஸில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூராருக்கும் குரல் இல்லை. உத்திரமேரூரில் காணியும் வேதக் கல்வியும் உள்ள ஆண்கள்தான் குடத்துக்குள் போனார்கள். முடிவின் சுமையை அதிகம் சுமந்தவர்கள் வெளியே நின்றார்கள். உங்கள் கூட்ட மேசையைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். வயலில் பாதி வேலை செய்யும் பெண்கள், ஆலையில் நெல் காயவைக்கும் பெண்கள், ஒப்பந்தத் தொழிலாளர், இரவுக் காவலாளி இவர்களில் ஒருவராவது அங்கே இருக்கிறாரா?

கணக்குக் காட்டாமல் போகமுடியாது

ஏதென்ஸில் பதவிக்காலம் முடிந்த அதிகாரி கணக்குக் காட்டும் விசாரணைக்கு வந்தே ஆகவேண்டும். அது முடியும்வரை நாட்டை விட்டு வெளியே போகவும் முடியாது. உத்திரமேரூரில் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் பிறகு குடத்துக்குள் போகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் போகாது. கடுமையான விதி. ஆனால் இன்றைக்கும் பொறுப்பேற்கும் ஒவ்வொருவரும் தன் மேல் தானே போட்டுக்கொள்ளவேண்டிய விதி அது என்பேன்.

ஒரு கொப்பி வாங்குங்கள். முக்கியமான முடிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். தேதி, எடுத்த முடிவு, அன்று தெரிந்திருந்த விடயங்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், யார் உடன்படவில்லை, அவர் சொன்ன காரணம் என்ன, எப்போது திரும்பிப் பார்ப்பது. அந்த நாள் வந்ததும் மறுபக்கத்தில் நடந்ததை எழுதுங்கள். நடந்ததை மட்டும் வைத்து முடிவை எடைபோடாமல் இருக்க இது உதவும். எரோடோட்டசு எழுதிய வரலாற்றில், பாரசீக மன்னர் சேர்க்செசுக்கு அவருடைய சிறிய தகப்பன் அர்த்தபானு சொல்லும் புத்தி இதுதான்: நன்றாக ஆலோசித்தவனுடைய காரியம் கெட்டுப்போனாலும் அவன் ஆலோசனை நல்லதே. மோசமாக ஆலோசித்தவனுக்கு அதிர்ஷ்டம் அடித்தால் அது வழியில் கண்டெடுத்த பொருள் மாதிரி. நல்ல தேதியில் மதகு திறந்து, பிறகு வெள்ளம் வந்து பயிரை அழித்தால் தேதி பிழையாகிவிடாது. கண்ணை மூடிக்கொண்டு திறந்து விளைச்சல் வந்துவிட்டால், அடுத்த போகமும் கண்ணை மூடுவீர்கள்.

கணக்குக் கேட்கும் முறையிலும் நியாயம் வேண்டும். கி.மு. 406இல் அர்கினூசைக் கடற்போரில் ஏதென்ஸ் வென்றது. ஆனால் புயலில் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றவில்லை என்று எட்டுத் தளபதிகளையும் சேர்த்து ஒரே வாக்கெடுப்பில் தண்டித்தார்கள். கையில் அகப்பட்ட ஆறு பேருக்கு மரணம். ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்காமல் வாக்கெடுக்கச் சட்டம் இடம் தராது என்று அன்றைய அவைப் பொறுப்பில் இருந்த சோக்கிரட்டீசு மறுத்து நின்றார். சபை கேட்கவில்லை, பின்பு வருந்தியது. ஒருவர் விட்ட பிழைக்கு முழுப் பிரிவையும் நிறுத்திவைத்துத் திட்டுவது இந்த வகைதான். தனித்தனியே கூப்பிடுங்கள்.

இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. கணிதத்தில் இளவயதிலேயே கெட்டிக்காரராக முடியும், ஆனால் ஃபுரோனேசிஸ் என்ற நடைமுறை விவேகம் இளவயதில் வராது, அதற்கு அனுபவம் வேண்டும் என்கிறார் அரிஸ்டாட்டில். உயர்தரத்தில் மூன்று ஏ எடுத்துவிட்டு முதல் வேலையில் தடுமாறுகிறவர்கள் இதைக் கேட்டு மனம் தளரவேண்டியதில்லை. அனுபவம் வருடக்கணக்கில் தானாகச் சேர்வதும் இல்லை. முப்பது வருடம் வேலைசெய்து ஒரே வருடத்தை முப்பது தடவை வாழ்ந்தவர்களைக் கண்டிருக்கிறேன். அந்தக் கொப்பி வைத்திருப்பவருக்கு ஐந்து வருடத்தில் வருவது அவர்களுக்கு வரவில்லை.

கட்டாருக்குப் போவதா, அரசாங்க வேலைக்குக் காத்திருப்பதா, அப்பாவின் வயலைப் பார்ப்பதா என்று கேட்டு வருகிற தம்பி தங்கைகளுக்கும் அரிஸ்டாட்டிலிடமிருந்தே ஒன்று சொல்வேன். வைத்தியர் நோயைக் குணமாக்கவேண்டுமா என்று ஆலோசிப்பதில்லை, எப்படிக் குணமாக்குவது என்றுதான் ஆலோசிக்கிறார். உங்கள் குணமாக்கல் எது? தங்கையின் படிப்பா, கடன் அடைப்பதா, சொந்தத் தொழிலா? அது நிச்சயமான பிறகுதான் கட்டாரும் கச்சேரியும் வயலும் வழிகளாகத் தெரியும், ஒன்றோடொன்று ஒப்பிடவும் முடியும். இலக்கு இல்லாமல் வழிகளை ஒப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் போன வழிதான் கண்ணுக்கு அழகாகப் படும்.

யாருமே எடுக்காத முடிவு

1986 ஏப்ரல் 20, விடியுமுன் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. தூக்கத்தில் இருந்த ஊருக்குள் தண்ணீர் பாய்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1,600க்கும் அதிகமான வீடுகள் அழிந்தன, வயல்கள் மண்மூடிப்போயின. பின்னர் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அதிக பாரமுள்ள வாகனங்கள் குளக்கட்டின் மேல் ஓடியது.

முடிவெடுத்தலைப் பற்றி யோசிக்கும் போதெல்லாம் எனக்கு அந்த வாகனங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. நேற்று ஓடியது, இன்றும் ஓடும் என்ற நினைப்புக்குக் கூட்டம் தேவையில்லை, ஒப்பம் தேவையில்லை. யாரும் எடுக்காத முடிவுகள் இப்படித்தான் நடைமுறை ஆகிவிடுகின்றன. செய்வது நம் கையில் என்றால் செய்யாமல் விடுவதும் நம் கையில்தான் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். உங்கள் இடத்திலும் அப்படி ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். வருடக்கணக்காக ஒருவரிடம் மட்டும் இருக்கும் சாவி, யாரும் சோதிக்காத தீயணைப்புக் கருவி, ஒரே ஒரு கணினியில் கிடக்கும் முழுக் கணக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஒதுக்கி, "இதை எப்போது, யார் தீர்மானித்தது?" என்று அவை ஒவ்வொன்றையும் பற்றிக் கேளுங்கள். பதில் இல்லாதவற்றை அடுத்த கூட்டத்தின் முதல் விடயமாகப் போடுங்கள்.

உடைந்த கட்டைத் திருப்பிக் கட்டினார்கள். குளம் இன்றும் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. பெரும்போகக் கூட்டம் பெரும்பாலும் செப்ரெம்பர், ஒக்ரோபரில் வரும். உங்களுக்குக் காணி இல்லாவிட்டாலும், வேலை திருகோணமலையில் என்றாலும், அரைநாள் லீவு போட்டுவிட்டு வாருங்கள். பின்வரிசையில் இருந்து, கொப்பியைத் திறந்து, மழையைப் பற்றி யார் பேசுகிறார், மதகைப் பற்றி யார் பேசுகிறார், யார் பேசாமலே இருக்கிறார் என்று எழுதிக்கொண்டு போங்கள்.